பெரிய பெயரில் வந்த பெட்டிகள்

என் தங்கை செலினின் கல்யாணத்தன்று, கோவிலில் பெண் தயாராக நிற்க, மாப்பிள்ளை வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றச் சொன்னது நான்தான்.

விமான நிலையக் கோபுரத்தில் பச்சைக் கண்ணாடிக்குப் பின்னால், காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். கீழே விமானம் வந்து நிற்கும் இடத்தில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். கம்பளம் காற்றில் பறக்காமலிருக்க மூலைக்கு ஒரு செங்கல். செங்கல் தெரியக்கூடாது என்று அதன்மேல் ஒரு பூந்தொட்டி. பூந்தொட்டி சாயக்கூடாது என்று அதைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள். பிடித்திருந்தவர்கள் எல்லோரும் பட்டம் வாங்கியவர்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

“மேடம், இன்னும் எவ்வளவு நேரம்?” என்று சென்னையிலிருந்து வந்த பயணிகள் விமானத்தின் பைலட் கேட்டார். அந்த விமானத்தில்தான் மாப்பிள்ளை ஜெனிஸ்டன், கோட்டும் சூட்டுமாக, ஜன்னல் வழியாகத் தன் கல்யாணம் நடக்க வேண்டிய கோவிலைப் பார்த்தபடி இருந்தார்.

விமானப்படையின் விமானம் ஒன்றில் ஒரு நாட்டின் அதிபர் வந்துகொண்டிருந்தார். அவர் இறங்கும்வரை கொக்குகூட எங்கள் ஓடுபாதையில் இறங்கக்கூடாது என்பது உத்தரவு. கொக்குகள் மட்டும் கேட்கவில்லை. மற்றவர்களிடம் தொடர்ந்து சுற்றுங்கள் என்று சொன்னேன்.

பெரிய பெயர், சின்னப் பெயர்

இந்தத் தொடரைத் தவறாமல் படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: மேலே பறப்பவர்களோடு ரேடியோவில் பேசி, யார் முன்னால், யார் பின்னால் என்று வரிசைப்படுத்துவது என் பிழைப்பு. ரேஷன் கடையில் வரிசை பார்ப்பவருக்கும் எனக்கும் வித்தியாசம் உயரம்தான்.

ஒவ்வொரு விமானத்துக்கும் ரேடியோவில் ஒரு அழைப்புப் பெயர் உண்டு. சாதாரணமாக அது ஒரு எண்தான். விமானப்படை விமானத்துக்கும் அப்படித்தான். ஆனால் அதே விமானத்தில் ஒரு நாட்டின் தலைவர் ஏறி உட்கார்ந்துவிட்டால் பெயர் மாறிவிடும். அந்தப் பெரிய பெயரைச் சொல்லிவிட்டால் மற்ற எல்லோரும் ஒதுங்க வேண்டும். எரிபொருள் குறைந்தவர், பரீட்சைக்குப் போகிறவர், கல்யாணத்துக்குப் போகிறவர், எல்லோரும்.

அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் மறுபடியும் விளக்கம் கேட்டுக் காகிதம் வரும். ‘பெரிய பெயர்’ என்றே வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தின் வழக்கமான எண்ணை ‘சின்னப் பெயர்’ என்று வைத்துக்கொள்வோம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெரிய பெயர் விமானத்துக்கு உரியதல்ல, உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு உரியது. தலைவர் படியிறங்கியதும் அது பழையபடி சின்னப் பெயர்தான். அதே இறக்கை, அதே எஞ்சின், அதே பைலட். ஆனால் இனி வரிசையில் நிற்க வேண்டும்.

பயிற்சிக் காலத்தில் இந்த விதியைச் சொன்னபோது கூடப் படித்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். எனக்கு மட்டும் ஆச்சரியமே வரவில்லை. எங்கள் கடலில் காலங்காலமாக இதுதான் நடைமுறை.

சுக்கு

எங்கள் அப்பா போட்டு டிரைவர். மீன்பிடிப் போட்டு. அதன் பக்கத்தில் ஒரு புனிதரின் பெயரை நீல நிறத்தில் பெரிதாக எழுதியிருக்கும். அந்தப் பெயரை வயர்லெஸில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. புனிதரைக் கூப்பிட்டு மீன் எங்கே என்று கேட்க முடியுமா?

கடலில் ஒருவரை ஒருவர் பட்டப்பெயரில்தான் கூப்பிடுவார்கள். அப்பாவின் பெயர் ‘சுக்கு’. கடலில் அவருக்குக் குமட்டும். வாயில் சுக்கு போட்டுக்கொண்டுதான் போட்டு ஓட்டுவார். குமட்டலோடு இத்தனை வருடம் கடலில் பிழைத்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். அப்பா ஓட்டும்போது அந்தப் போட்டுக்கே பெயர் சுக்கு. அதே போட்டைச் சித்தப்பா எடுத்துப் போனால் அன்றைக்கு அதன் பெயர் ‘தாடி’.

அதனால் வயர்லெஸில் எந்தப் பேச்சும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும்: “யாரு இருக்கா?” கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. எஞ்சின் நின்றுபோனால் உதவிக்கு வருகிறவன் கை எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும். சுக்கு என்றால் பொறுமையாகக் கயிறு கட்டி இழுப்பார். தாடி என்றால் நாமே கயிறு கட்டிக்கொள்வது நல்லது.

ஒருமுறை அப்பா காய்ச்சலில் படுத்திருந்தபோது, ஒரு உறவுக்காரர் போட்டை எடுத்துப் போய், வயர்லெஸில் தன்னைச் சுக்கு என்று சொல்லிக்கொண்டார். அப்பாவுக்குச் சொல்லும் மீன் இடத்தைத் தனக்கும் சொல்வார்கள் என்ற ஆசை. சொன்னார்கள், மீனும் கிடைத்தது. விஷயம் வெளியே வந்தபிறகு அந்த சீசன் முழுக்க அவர் கூப்பிட்டால் கடலில் ஒரு குரல் பதில் சொல்லவில்லை. ஆள் இல்லாமல் பெயரைப் பயன்படுத்துவது எங்கள் பக்கம் அவ்வளவு பெரிய குற்றம்.

தரைக்கு வந்த பிறகு அவரோடு எல்லோரும் சிரித்துத்தான் பேசினார்கள். தரை வேறு, கடல் வேறு.

சாம்பலுக்கு முந்தின நாள்

கல்யாணத்துக்கு வருகிறேன். அன்று செவ்வாய்க்கிழமை. மறுநாள் சாம்பல் புதன். அன்றிலிருந்து தவக்காலம், ஈஸ்டர் வரை எங்கள் வீடுகளில் கல்யாணம் கிடையாது. அதனால் அந்தச் செவ்வாயன்று எங்கள் கடற்கரை முழுக்கத் தாலி கட்டுவார்கள். சாமியார்களுக்குத் தண்ணீர் குடிக்க நேரம் இருக்காது. எங்கள் பங்குச் சாமிக்கு அன்று காலை செலின் கல்யாணம், மதியம் தருவைகுளத்தில் இன்னொரு கல்யாணம்.

ஜெனிஸ்டன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறவர். கப்பல் கரைசேரத் தாமதமாகி, முந்தின நாள்தான் சென்னைக்கு வந்து இறங்கினார். ஈஸ்டருக்கு முன்பே அடுத்த கப்பலில் ஏற வேண்டும். அன்றைக்குத் தவறினால் அவர் திரும்பி வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். செலின் ஏற்கெனவே இரண்டு வருடம் காத்திருந்தவள். கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது, ஊரைக் கூப்பிட்டாகிவிட்டது, பிரியாணிக்கு ஆடும் அறுத்தாகிவிட்டது.

ஆயரிடம் சிறப்பு அனுமதி வாங்கித் தவக்காலத்திலும் கட்டலாமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். ஆயர் கொடுத்துவிடுவார். எங்கள் அம்மா கொடுக்கமாட்டார்.

இந்த நாளைப் பார்த்துத்தான் ஒரு நட்பு நாட்டின் அதிபர் எங்கள் துறைமுகத்தைப் பார்க்க ஆசைப்பட்டார். எந்த நாடு என்று சொல்லமாட்டேன், நட்பு கெட்டுவிடும். எனக்கு விடுப்பு ரத்து. சொந்தத் தங்கை கல்யாணம் என்று மன்றாடினேன். தேசத்தின் கௌரவம் என்றார்கள். தேசத்துக்குக் கௌரவம் பார்க்க என்னை விட்டால் வேறு ஆள் இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

செலின் அழவில்லை. “நீ வராம போட்டோ எடுக்க மாட்டேன், பாத்துக்கோ,” என்று மட்டும் சொன்னாள்.

வரவேற்பு ஏற்பாடுகள் அமர்க்களம். அதிபருக்குப் பரிசாக முத்துமாலை முடிவானது. எங்கள் ஊருக்கு முத்துநகர் என்று பெயர். சலூன், ஸ்வீட் ஸ்டால், டயர் கடை என்று எல்லாவற்றின் பலகையிலும் முத்து இருக்கிறது, கடலில்தான் இல்லை. மாலையை ஹைதராபாத்திலிருந்து கூரியரில் வரவழைத்தார்கள். விமான நிலையத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, கையில் அந்த நாட்டின் கொடியைக் கொடுத்திருந்தார்கள். பாதிப் பேர் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள். யாருக்கும் எது தலை என்று தெரியாததால் பிரச்சினை வரவில்லை.

மேல சுத்துதான்

கோவில் வாசலில் நடந்ததைப் பிறகு ஆளாளுக்குச் சொன்னார்கள். பூசை தொடங்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. வாசலில் நின்றவர்கள் எல்லாரும் கடல்காரர்கள், அண்ணாந்து பார்த்து விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சாமி வெளியே வந்து மாப்பிள்ளை எங்கே என்று கேட்க, சித்தப்பா கையை மேலே காட்டி, “வந்துட்டான் சாமி, மேல சுத்துதான்,” என்றாராம். சாமியும் அண்ணாந்து பார்த்தார். அம்மா ஜெபமாலையை எடுத்தார். என்னைத் திட்டிக்கொண்டே ஜெபித்தார் என்று செலின் சொன்னாள். அது எப்படிச் சாத்தியம் என்று எங்கள் அம்மாவைத் தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

கோபுரத்தில் என் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் என் மேலதிகாரி சுந்தரம் சார், ஸ்ரீவைகுண்டத்துக்காரர், பயந்த சுபாவமுள்ள நல்ல மனிதர். எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் அன்று இரவு தூங்கமாட்டார். இன்னொருவர் டெல்லியிலிருந்து வந்த பாதுகாப்பு அதிகாரி. அவர் எங்களோடு பேசவில்லை. மைக் செருகிய தன் சட்டைக் கையோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தார்.

சென்னை விமானத்தின் பைலட் ரேடியோவில் மறுபடி வந்தார். குரலில் மரியாதை குறையவில்லை, பொறுமை குறைந்திருந்தது. இன்னும் ஒரு சுற்றுக்குத்தான் எரிபொருள், அதற்கு மேல் மதுரைக்குப் போகிறேன் என்றார். மதுரையில் இறங்கினால் கார் பிடித்து வர வேண்டும். அன்றைக்கு அந்தச் சாலையெல்லாம் அடைப்பு. அதற்குள் சாமி தருவைகுளம் போய்விடுவார். கல்யாணம் அடுத்த வருடம்தான்.

தங்கையின் முகம் கண்முன் வந்துகொண்டே இருந்தது. ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொந்தபந்தம் பார்க்கக்கூடாது, அது எனக்குத் தெரியும்.

யாரு இருக்கா?

அப்போதுதான் பெரிய பெயர் ரேடியோவில் வந்தது. பைலட் கம்பீரமாகத் தன் பெயரைச் சொன்னார், எங்கே பறக்கிறார் என்று சொன்னார், இறங்கும் விவரம் கேட்டார். கடைசியாக, பெட்டிகளை இறக்க லாரி தயாராக இருக்கிறதா என்று விசாரித்தார்.

கம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. வரவேற்புக் குழுவைப் பற்றிக் கேட்கவில்லை. கார் எங்கே நிற்கும் என்று கேட்கவில்லை. லாரியைக் கேட்டார்.

என்னவோ இடித்தது. யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. ஆங்கிலத்தில்தான் கேட்டேன், ஆனால் கேட்டது நானல்ல, சுக்குவின் மகள்: “உள்ளே யார் இருக்கிறார்கள்?”

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இது கேட்கவே கூடாத கேள்வி. திறந்த ரேடியோவில், ஊர் உலகம் கேட்க, ஒரு நாட்டின் தலைவர் விமானத்துக்குள் இருக்கிறாரா என்று விசாரிப்பது பாதுகாப்புக்கு எதிரானது. பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக் கொடுப்பார்கள். என் கூடப் படித்த ஒருவரும் தூக்கத்தில்கூட அதைக் கேட்டிருக்கமாட்டார்கள். அவர்கள் வீட்டில் யாரும் போட்டு ஓட்டவில்லை.

சுந்தரம் சாரின் கையிலிருந்த லேஞ்சி கீழே விழுந்தது. நெற்றி வியர்வையைத் துடைக்க அவருக்கு வேறு துணி இல்லை. டெல்லிக்காரர் முதன்முறையாகத் தன் சட்டைக் கையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். வேலை போய்விட்டது என்று நினைத்தேன். தங்கை கல்யாணமும் போய், வேலையும் போய், இரண்டும் ஒரே நாளில்.

பிறகு அந்தப் பைலட் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நானும் என் ஆட்களும். மற்றபடி பெட்டிகள்,” என்றார்.

நடந்தது என்னவென்று பின்னால் தெரிந்தது. கன்னியாகுமரிக்குச் சுற்றிப் பார்க்கப் போன அதிபரின் மனைவி, கடலைப் பார்த்ததும், இனி விமானம் வேண்டாம், கடலோரமாகக் காரிலேயே போகலாம் என்று சொல்லிவிட்டாராம். கணவர் ஒரு நாட்டுக்கு அதிபர் என்றாலும் வீட்டுக்கு அதிபர் அவரல்ல. இருவரும் காரில் கிளம்ப, பக்கத்து விமான நிலையத்தில் நின்ற விமானம் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தது. அனுப்பி வைத்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் பெரிய பெயரை எடுத்துவிடு என்று பைலட்டுக்குச் சொல்லும் தைரியம் ஒருவருக்கும் வரவில்லை. பெயரை வைக்க ஒரு அதிகாரி போதும். எடுக்க வேண்டுமானால் கமிட்டி கூட வேண்டும்.

ஆக, சில பெட்டிகளுக்காகத்தான் என் தங்கை மாப்பிள்ளை வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“அப்படியானால் உங்கள் அழைப்புப் பெயரை உறுதிசெய்யுங்கள்,” என்றேன்.

பிறகு அவர் தன் சின்னப் பெயரைச் சொன்னார். பகலெல்லாம் இறுக்கிக்கொண்டிருந்த ஷூவைக் கழற்றிய மனிதரின் குரல் அது.

பெயரை நான் எடுக்கவில்லை, அவரேதான் கீழே வைத்தார். சின்னப் பெயர் என்றால் வரிசை. வரிசையில் முன்னால் இருந்தது சென்னை விமானம், எரிபொருள் குறைந்ததும் அதுதான். இதில் சொந்தபந்தம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் திரும்பி சுந்தரம் சாரைப் பார்த்தேன்.

“மெர்லின், நான் ஒண்ணும் கேக்கல,” என்றார். “நான் காப்பி குடிக்கப் போயிருக்கேன்.” சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

டெல்லிக்காரர் சட்டைக் கையிடம் அவசரமாக உத்தரவு கேட்டுக்கொண்டிருந்தார். சட்டைக் கை பதில் சொல்லவில்லை. அது பதில் சொல்வதற்குள் நான் சென்னை விமானத்தை இறக்கிவிட்டேன்.

கொடி அசைத்தார்கள்

ஜெனிஸ்டன் நீலக் கோட்டில் முதல் ஆளாகப் படியிறங்கினார். வெயிலில் காய்ந்துகொண்டிருந்த பிள்ளைகள் விமானத்தைப் பார்த்தார்கள், கோட்டைப் பார்த்தார்கள், கொடியை ஆட்டத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைப் பார்த்து, வரவேற்புக்கு வந்திருந்த நாதஸ்வரக்காரர் தொடங்க, தவில்காரரும் சேர்ந்துகொண்டார். நிறுத்துங்கள் என்று ஒருவர் கையை ஆட்டினார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து இன்னும் பலமாக வாசித்தார்கள். மாப்பிள்ளை எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே ஓடினார். நான் ஏற்பாடு செய்த மேளம் என்று கடைசிவரை நம்பினாராம்.

அவர் கோவிலுக்கு வந்து சேர்ந்ததும் சாமி தாலியை மந்திரித்து முடித்துவிட்டு, ஈர நெற்றியோடு தருவைகுளம் கிளம்பினார். கல்யாணம் நடந்துவிட்டது.

பிறகு பெட்டி விமானம் இறங்கியது. பெட்டிகள் சிவப்புக் கம்பளத்தின் ஓரமாக வரிசையாக இறங்கின. பூச்செண்டு வைத்திருந்தவர் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றார்.

சாயங்காலம் அதிபர் காரில் வந்து விமானம் ஏறினார். வெள்ளைச்சட்டை போட்ட சாதுவான மனிதர், பிள்ளைகள் நின்றிருந்த பக்கம் பார்த்துக் கையசைத்தார். கொடிகளோடு பிள்ளைகள் எப்போதோ வீட்டுக்குப் போயிருந்தார்கள், நின்றவை பிளாஸ்டிக் நாற்காலிகள்தான். விமானம் ஓடுபாதைக்கு வந்ததும் பைலட் பெரிய பெயரைச் சொன்னார். ஒரு நொடி கழித்து, “மேடம், இப்போது ஆள் இருக்கிறார்,” என்றார். சிரித்துவிட்டேன். வழியெல்லாம் விலக்கி அனுப்பி வைத்தேன்.

அந்தக் கேள்விக்காக என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். ஏன் கேட்டாய் என்பதற்கு, குடும்பப் பழக்கம் என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கு எந்த விதியில் தண்டனை என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நடு வரிசை

நான் மண்டபத்துக்குப் போனபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பிரியாணி தீர்ந்திருந்தது. மக்ரூன் இனிப்பின் தூள் மட்டும் தட்டில் இருந்தது. செலின் கல்யாணப் புடவையை மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். போட்டோ எடுக்காமல் இருக்க முடியவில்லை, போட்டோக்காரருக்கும் அடுத்த கல்யாணம் இருந்தது என்று காதில் சொன்னாள். பரவாயில்லை என்றேன். பொய்தான் சொன்னேன். தங்கை கல்யாணப் படத்தில் நான் இல்லை என்பது எனக்குச் சுருக்கென்றது. ஆள் இல்லாத ஒரு சீட்டுக்காக ஒரு நாள் முழுக்க உழைத்திருக்கிறேன், எனக்கு ஒரு படத்தில் இடமில்லை என்று வீடு வரும்வரை மனதுக்குள் பொருமிக்கொண்டே வந்தேன்.

சில மாதம் கழித்து ஆல்பம் வந்தது. குடும்பப் படத்தை எடுத்துப் பார்த்தேன். நடுவில் செலினும் ஜெனிஸ்டனும். ஒரு பக்கம் அம்மா, இன்னமும் என்மேல் கோபமான முகத்தோடு. இன்னொரு பக்கம் அப்பா. அப்பாவுக்கும் செலினுக்கும் நடுவே ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. பின்னால் சித்தப்பா, சித்தி, பிள்ளைகள் என்று நெருக்கியடித்து நிற்கிறார்கள். அந்த நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

இது என்ன என்று செலினிடம் கேட்டேன். போட்டோக்காரர்தான் முதலில் பார்த்தாராம். அண்ணாச்சி, நடுவுல ஒண்ணு காலியா கெடக்கு, எடுத்துருவமா என்று குனிந்து நாற்காலியைத் தூக்கப் போனாராம். அப்பா அதன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம்.

“ஏலே தம்பி, அதத் தொடாத. அதுல எம் மூத்தவ இருக்கா.”